வளையல் போட்ட கை

போன செவ்வாய்க்கிழமை, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

மண்ணச்சநல்லூரில் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் தென்னூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் திருத்தாத பரீட்சைத் தாள்கள் ஒரு கட்டு. பஸ் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டித் திருவானைக்காவலுக்குள் நுழைந்தது. வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே அந்தப் பலகையைத் தேடினேன். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வழி காட்டும் பலகை.

பலகை இருந்தது. அதன்மேல் ஒரு சினிமா போஸ்டரும் இருந்தது!

“ஹோல்டான்! ஹோல்டான்!”

“ஸ்டாப்பிங் இன்னும் வரலைம்மா!” என்றார் கண்டக்டர்.

“எனக்கு வந்துடுச்சுங்க” என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

பசை இன்னும் காயவில்லை. கைக்கு எட்டிய ஓரத்தைப் பிடித்துக் கிழிக்க ஆரம்பித்தேன். சற்றுத் தள்ளி ஒருவர் சைக்கிள் ஹாண்டில் பாரில் பசை வாளியை மாட்டிக்கொண்டு நின்றார். ஓடி வந்தார்.

“ஏம்மா... ஏம்மா! நீங்க எந்தக் கட்சி? இது சினிமா போஸ்டர்ம்மா!”

“இது ஆஸ்பத்திரி போர்டுங்க. இதுமேலயா ஒட்டுவீங்க?”

“முன்பக்கத்தை நான் தொடவே இல்லையே! பின்பக்கம்தானே ஒட்டினேன்? டவுன்லேர்ந்து வர்றவங்களுக்கு எழுத்து பளிச்சுனு தெரியுது, வேணும்னா வந்து பாருங்க. நானும் புள்ளைகுட்டிக்காரன்தாம்மா.”

கேலியாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். ஒரு வகுப்பையே பார்வையால் அடக்குகிறவள் நான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பின்பக்கம்தானே...?

ஒரு பலகைக்காகவா நடு ரோட்டில் இவ்வளவு ரகளை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் இந்த வாரப் பத்தி முழுக்கப் பலகைக் கதை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சலிப்பாக இருந்தாலும் நான் சொல்லத்தான் செய்வேன். அப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மாவும் அக்காவும் அதே மில்லில் நெல் அவித்துக் களத்தில் காய வைத்தார்கள். நான் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் தெருவில் யாருக்காவது கடுதாசி வந்திருக்கும். “படிச்ச பொண்ணு வந்திருக்கு, கூப்பிடு” என்பார்கள். அப்படிக் கூப்பிடும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அக்காவுக்கு அப்போது தலைப் பிரசவம். திருவானைக்காவலில் ஒரு டாக்டரம்மா புதிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி ஆரம்பித்திருந்தார். மில்லுக்கே வந்து பெண்களிடம் பேசினார். “வீட்டுல வச்சுப் பார்க்காதீங்க. வலி எடுத்ததும் வண்டி கட்டிக்கிட்டு வந்துடுங்க. கொள்ளிடம் தாண்டினதும் ரோட்டு ஓரத்துல போர்டு இருக்கும். அந்தச் சந்துல திரும்பினா ஆஸ்பத்திரிதான்.”

எவ்வளவு சுலபமாக இருந்தது கேட்பதற்கு!

தீபாவளி லீவில் நான் வீட்டில் இருந்தேன். அடைமழை. காலையில் அக்காவுக்கு வலி எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கூண்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே அக்காவும் அம்மாவும். முன்னால் வண்டிக்காரருக்கு ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் நான்.

“போர்டைப் பார்த்துச் சொல்லு பாப்பா. உன்னை நம்பித்தான் போறோம்” என்றார் அப்பா.

பயத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. என் படிப்பு முதல்முறையாக வீட்டுக்கு உதவப் போகிறது அல்லவா? குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மழைக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு போர்டாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். சைக்கிள் கடை. சோடா கம்பெனி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். வெற்றிலைக் கடை. நடுவே ஒரு சவுக்குக் கழியில் துருப்பிடித்த தகரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் எழுத்தே இல்லை. எழுத்தில்லாததை என்னவென்று படிப்பது? அதைத் தாண்டினோம்.

கூண்டுக்குள் அக்காவின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது.

காவிரிப் பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது அப்பா குதித்து இறங்கி ஒரு டீக்கடையில் கேட்டார்.

“அட, தாண்டி வந்துட்டீங்களே! அவ்வளவு பெரிய போர்டு வச்சிருக்கு, பார்க்கலையா?”

வண்டியைத் திருப்பினோம். வந்த வழியே போனபோதுதான் அதைப் பார்த்தேன். அதே சவுக்குக் கழி. அதே தகரம். இந்தப் பக்கம் நீல எழுத்தில், பட்டை பட்டையாக – ‘பிரசவ ஆஸ்பத்திரி’. பக்கத்தில் சந்தைக் காட்டும் ஒரு கை. கீழே உபயதாரர் பெயர். எல்லாம் திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு. மண்ணச்சநல்லூரிலிருந்து வருகிறவர்களுக்கு வெறும் துரு.

அக்கா பிழைத்தாள். குழந்தை அழவில்லை.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

தெருவில் முடித்தார்கள். “என்னத்தைப் படிச்சுக் கிழிச்சா? வண்டியிலே முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு ஒரு போர்டைப் படிக்கத் துப்பில்லை!” அந்தப் பக்கம் எழுத்தே இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்ல முடியுமா? அப்பாவுக்குத் தெரியும். அவரும் தகரத்தைப் பார்த்தவர்தான். ஆனால் அதன் பிறகு கடுதாசி படிக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று தோன்றும்.

நான் பயிற்சி முடித்துத் தென்னூரில் டீச்சரானேன். அக்கா மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. கார்த்திகையில் பிரசவம். அதாவது, மறுபடியும் மழைக்காலத்தில்.

அந்தச் சனிக்கிழமையே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். “தகரத்தோட இன்னொரு பக்கம் எழுதினா நிக்காதும்மா, துரு தின்னுடும். புதுசாத்தான் செய்யணும். உபயதாரரைக் கேட்கணும்” என்றார்.

உபயதாரர் யார் தெரியுமா? எங்கள் மில் முதலாளி!

மில்லுக்குப் போனேன். அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்து அப்பா களத்திலிருந்து வந்து வாசலோரமாக நின்றார்.

“உட்காரும்மா டீச்சர்” என்றார் முதலாளி.

“அப்பா நிக்கிறாருங்க.”

“அவன் எப்பவும் நிக்கிறவன்தானேம்மா.”

“அப்ப நானும் நிக்கிறேங்க.”

அப்பா கண்ணால் என்னைக் கெஞ்சினார். நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

“போர்டு நல்லாத்தானே இருக்கு?” என்றார் முதலாளி. “வீடு ஸ்ரீரங்கத்துல இருந்தாலும் டவுனு மண்டிக்குப் போயிட்டுத்தான் தினம் மில்லுக்கு வரேன். கார்ல வரும்போது பார்க்கிறேனே. என் பேரு பளிச்சுனு தெரியுது.”

“திரும்பிப் போகும்போது பார்த்திருக்கீங்களா?”

“திரும்பும்போது அசதியா இருக்கும். கண்ணை மூடிடுவேன்.” கொஞ்சம் யோசித்தார். “பின்பக்கம் எதுக்கும்மா எழுதணும்? ஊர் வழக்கத்துல யாராவது போர்டுக்குப் பின்பக்கம் எழுதுவாங்களா?”

“உங்க மில்லுல நெல் அவிக்கிற பொம்பளைங்க எல்லாரும் அந்தப் பின்பக்கத்துலேர்ந்துதாங்க வர்றாங்க. எங்க அக்காவும் அப்படித்தான் வந்தா.”

அவருக்கு அக்காவைத் தெரியும். அக்காவுக்கு நேர்ந்ததும் தெரியும். பேனாவை எடுத்து மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“ரெண்டு பக்கமும் என் பேரு வருமா?”

“வருங்க.”

“அப்ப செஞ்சுடு. கெட்டியாச் செய்யச் சொல்லு.”

அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் தன் காரில் வந்த திசையிலிருந்து உலகத்தைப் பார்த்தார். போர்டு எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே? தாங்கள் வரும் வழியாகத்தான் எல்லோரும் வருவார்கள் என்று ஒரு நினைப்பு!

கெட்டியாகத்தான் செய்தோம். ஆஸ்பத்திரிச் சந்திலேயே ஓர் ஆசாரிக்குப் பட்டறை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்துப் போய் நின்றேன். ஒரே பலகையின் இரண்டு பக்கமும் எழுதினால் போதாதா என்று கேட்டேன். ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் சாரலும் அடித்தால் மெல்லிய பலகை வளைந்துவிடும் என்றார். அதனால் தேக்கில் இரண்டு பலகைகள். நடுவே ஒரு சட்டம். மொத்தத்தில் கதவைவிடக் கனம். தண்ணீர் எப்படியும் உள்ளே இறங்கும் என்பதால், இறங்கிய தண்ணீர் வெளியே போக அடியில் துளைகள். தலையில் மழை தங்காமல் இருக்க ஓட்டுக்கூரை மாதிரி இரு பக்கமும் சரிந்த துத்தநாகத் தகடு. மரம் முழுக்க எண்ணெய் காய்ச்சி ஊற்றி, செந்தூரப் பூச்சு பூசி, காய வைத்து, மறுபடி பூசி...

இரண்டு தூண்கள். பழைய வீடு ஒன்றை இடித்தபோது வந்த தேக்கு. மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் வாட்டித் தார் பூசினார். குழியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்தார்கள். கொள்ளிடத்துக் காற்று ஆடி மாதம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டோரத்தில் பலகையை ரோட்டுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தினோம். இப்போது இரண்டு திசையிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒவ்வொரு முகம்.

எழுத வந்தவர் பாலக்கரை காதர் பாய். டவுன் பக்க முகத்தை முதலில் முடித்தார். எழுத்து, அடியில் முதலாளி பெயர், சந்தைக் காட்டி நீட்டிய ஒரு கை. சந்து கிழக்கே போகிறது. டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு அது வலது பக்கம். ஆகவே வலது பக்கம் நீட்டிய வலது கை. சரி. மறுபக்கத்துக்கு வந்தார். மண்ணச்சநல்லூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சந்து இடது பக்கம். ஆகவே இடது பக்கம் நீட்டிய இடது கையைச் சாக்பீஸில் வரைந்துகொண்டிருந்தார். அப்போது முதலாளியின் கார் வந்து நின்றது.

இறங்கினார். பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“என்ன பாய் இது... இடது கை?”

“இந்தப் பக்கத்துக்கு அப்படித்தானுங்களே வரும்?”

“பிள்ளை பிறக்கிற இடத்துக்கு இடது கையாலயா வழி காட்டுவாங்க? பத்திரிகை கொடுக்கவே இடது கையை நீட்ட மாட்டோம். அழி, அழி! அந்தப் பக்கம் போட்ட கையையே அப்படியே இங்கயும் போடு.”

காதர் பாய் ஏணியில் இருந்தபடியே மேற்கே திரும்பிப் பார்த்தார். “அப்படிப் போட்டா அது அந்தத் தென்னந்தோப்பைக் காட்டுமுங்க முதலாளி. பிரசவம் தோப்புலதான் நடக்கும்.”

“அப்ப கையே வேண்டாம். எழுத்து மட்டும் போதும்.”

“போதாதுங்க” என்றேன்.

“ஏன் போதாது?”

“எங்க அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் வண்டிக்காரருக்கும் தெரியாது.”

“அதான் நீ இருக்கியே, டீச்சர்!”

“நான் பள்ளிக்கூடத்துல இருப்பேங்க. வலி என்ன, லீவு பார்த்தா வரும்?”

அவர் தலையை ஆட்டினார். “இடது கை மட்டும் என் பேருக்கு மேல வரக்கூடாது. அவ்வளவுதான்.” காரை நோக்கி நடந்தார். அவர் போய்விட்டால் அந்தப் பக்கம் வெற்றுப் பலகையாகவே நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு நின்றது.

பலகையைப் பார்த்தபடி ரோட்டில் நின்றேன். அக்காவின் வண்டி வரும் திசையில் முதுகு. சந்து என் இடது பக்கம். வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சந்தைக் காட்டினேன். உள்ளங்கையும் மடங்கிய மூன்று விரல்களும் எனக்குத் தெரிந்தன.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்க. இது எந்தக் கை?”

திரும்பிப் பார்த்தார். “வலது கை.”

“எந்தப் பக்கம் காட்டுது?”

அவர் சந்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். தன் வலது கையையும் ஒருமுறை குறுக்கே நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

“அந்தப் பக்கம் புறங்கை தெரியுது. இந்தப் பக்கம் உள்ளங்கை தெரியட்டும். ரெண்டும் வலது கைதாங்க.”

காதர் பாய் ஏணியிலிருந்து இறங்கினார். “உள்ளங்கையில மடக்கின விரல் வரையறது சிரமம். டீச்சரம்மா, கையைக் கீழே போடாதீங்க. அப்படியே நில்லுங்க.”

நின்றேன். பஸ்கள் போயின. மாட்டு வண்டிகள் போயின. “என்னம்மா, டிராபிக் போலீஸ் வேலையா?” என்று ஒரு சைக்கிள்காரர் கேட்டுவிட்டுப் போனார். தோள் வலித்தது. கையை இறக்கவில்லை.

வரைந்து முடித்ததும் முதலாளி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “வளையல் எதுக்குப் போட்டே பாய்?”

“கையிலே இருந்துச்சுங்க. வரைஞ்சேன்.”

அப்போதுதான் நானும் கவனித்தேன். பள்ளிக்கூடத்துக்கு நான் கண்ணாடி வளையல் போடுவதில்லை. முந்தின வாரம் அக்காவுக்கு வளைகாப்பு. வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் அடுக்கியபோது அக்காவே என் கையைப் பிடித்துப் போட்டுவிட்டாள். பச்சையும் சிவப்பும். கழற்ற மனமில்லாமல் அப்படியே இருந்தேன்.

“சரி, இருக்கட்டும். பொம்பளைங்க ஆஸ்பத்திரிதானே” என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். காதர் பாய் டவுன் பக்கத்துக் கைக்கும் வளையல் போட்டார். “ஒரு பக்கம் மொட்டைக் கையா இருந்தா அதுக்கு மனசு கஷ்டப்படுமில்ல?”

வர்ணம் காய்ந்தது. இரண்டு முகத்துக்கும் வார்னிஷ் அடித்தார். அடுத்த நாளே மழை பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் வண்டிக்காரரிடமும் சொன்னேன். “எழுத்தைத் தேடாதீங்க. பாலம் தாண்டினதும் வளையல் போட்ட கை ஒண்ணு தெரியும். அது எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் திரும்புங்க.”

கார்த்திகையில் ஒரு நாள். வெளியே கொட்டுகிற மழை. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து கேட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார். முகத்தில் ஓடுவது மழையா, வேறா என்று தெரியவில்லை. சாக்பீஸ் கையோடு ஓடினேன்.

“அப்பா...?”

“நல்லா இருக்காங்க. ரெண்டு பேரும். பொம்பளைப் புள்ளை. ஊரையே கூட்டுற மாதிரி கத்துது.”

அவர் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்து வந்தேன்.

“பாலத்துலேர்ந்து இறங்கினதுமே உங்க அம்மா பார்த்துட்டா. ‘அதோ கை, அதோ கை’ன்னா. திரும்பினோம்” என்றார். பிறகு ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரித் தயங்கிக்கொண்டு சொன்னார்: “நீ இல்லாமலே வழி தெரிஞ்சு போச்சு பாப்பா.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது அந்தக் கையின்மேல்தான். அன்று பாதிதான் கிழிக்க முடிந்தது. சனிக்கிழமை ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகப் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊற வைத்துத் துடைத்தேன். வார்னிஷ் காப்பாற்றியிருந்தது. விரல், உள்ளங்கை, பச்சை வளையல், சிவப்பு வளையல்... எல்லாம் அப்படியே வெளியே வந்தன. ஓர் எழுத்துகூட உரியவில்லை.

பின்னால் சைக்கிள் மணி. திரும்பினால், அதே பசை வாளிக்காரர்.

“இன்னும் கோபம் தீரலையாம்மா? பின்பக்கம்தானேன்னு...”

இந்த முறை எனக்குப் பதில் வந்தது. “அண்ணே, இந்தப் பலகைக்குப் பின்பக்கம் கிடையாதுங்க. அந்தப் பக்கத்துலேர்ந்தும் பிள்ளைத்தாய்ச்சிங்க வர்றாங்க.”

அவர் சைக்கிளை நிறுத்தினார். பலகையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்தக் கையைப் பார்த்தார். இந்தக் கையைப் பார்த்தார். கொள்ளிடம் பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு துணியை என்னிடமிருந்து வாங்கி, எனக்கு எட்டாத மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத்தைத் துடைத்துக் கொடுத்தார்.

கிளம்பும்போது கேட்டார்: “ஆஸ்பத்திரி உங்களுதாம்மா?”

“இல்லைங்க. கை மட்டும் என்னுது.”